திரையில் இருந்த தசையும் என் கையில் கிழிந்த தசையும்

போன குளிர்காலத்தில் ஒருநாள் இரவு ஏழு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்த அம்மா இரண்டு அடி பின்னால் போனார்.

"என்னடா மணம் இது? எங்கையும் செத்த வீட்டுக்குப் போனனியோ?"

"ஓம் அம்மா. ஒரு குதிரையின்ர செத்த வீடு."

அம்மா சிரிக்கவில்லை. பின்பக்கத்தால் வரச் சொல்லி, உடுப்பை கராஜிலேயே கழற்ற வைத்து, தலையில் முழுகிய பிறகுதான் குசினிக்குள் விட்டார். அன்று பகல் முழுவதும் நான் ஒரு குதிரையின் தோளையும் விலாவையும் கத்தியால் பிரித்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாளும் அதையே செய்தேன். அந்த இரண்டு நாளும் நான் எழுதி முடித்திருந்த ஒரு அறிக்கையை மாற்றி எழுத வைத்தன. ஏன் மாற்றினேன் என்பதுதான் இந்தப் பதிவு.

நான் மிருக வைத்தியன் இல்லை. இங்கிலாந்தில் வளர்ந்தேன், பொறியியலில் முதுமாணி செய்தேன், இப்போது ஐ.டி. ஆலோசகராக வேலை செய்கிறேன். நிறுவனங்கள் எந்த மென்பொருளை வாங்கலாம், வாங்கினால் எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் பார்த்துச் சொல்வது என் தொழில். ஒரு மிருக வைத்தியக் கல்லூரி எங்களிடம் ஒரு கேள்வியோடு வந்தது. முதல் இரண்டு வருட மாணவர்கள் குதிரை, மாடு போன்ற பெரிய மிருகங்களின் உடலை வெட்டிப் படிக்கிறார்கள். அந்த டிசெக்ஷன் வகுப்புகளை நிறுத்திவிட்டு முப்பரிமாண மென்பொருளால் படிப்பிக்கலாமா?

என் முதல் வரைவில் பதில் "ஆம்" என்று இருந்தது. காரணங்கள் எல்லாம் சரியாகவே இருந்தன. உடல்களைப் பதப்படுத்தவேண்டாம், குளிரறை வேண்டாம், பாரம் தூக்கும் கிரேன் வேண்டாம், காற்றோட்ட வசதிக்குச் செலவு வேண்டாம். மாணவர் கட்டிலில் இருந்தபடியே ஒரு குதிரையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஒரு கிளிக்கில் தோல் போகும், இன்னொரு கிளிக்கில் தசை போகும், பிழை விட்டால் திரும்பவும் முதலில் இருந்து தொடங்கலாம்.

என் சித்தியின் மகள் வேறொரு கல்லூரியில் மிருக வைத்தியம் படிக்கிறாள். இதைப் பற்றி அவளிடம் போனில் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"அண்ணா, நீங்கள் ஒருக்காலும் கையை வைச்சுப் பாக்காமல் அதை எழுதாதேங்கோ."

கோபமாக இல்லை, கெஞ்சலாகவும் இல்லை. சமையல் தெரியாத ஒருவன் குழம்புக்கு உப்புக் கணக்குச் சொன்னால் எப்படிச் சொல்வோமோ, அப்படிச் சொன்னாள். நான் அந்தக் கல்லூரியின் உடற்கூற்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. நான்கு மாணவர்கள் வேலை செய்யும் ஒரு குதிரையில் ஐந்தாவது ஆளாக இரண்டு நாள் நிற்கச் சொன்னார்.

முதல் நாள் காலை. பெரிய அறை, தரையில் தண்ணீர் ஓடும் வாய்க்கால், கூரையில் இரும்புத் தண்டவாளம். அதில் இருந்து ஒரு பெண் குதிரை நிற்கிற மாதிரியே தொங்கிக்கொண்டிருந்தது. உயிரோடு நிற்கும்போது தசைகள் எந்த நிலையில் இருக்குமோ அதே நிலையில் இருக்கவேண்டும் என்பதற்காக இப்படிப் பதப்படுத்துகிறார்கள். ஆசிரியை முதலில் அந்தக் குதிரையைப் பற்றிச் சொன்னார். 19 வயது. காலில் தீராத நோவு வந்து கருணைக்கொலை செய்யப்பட்டது. வளர்த்தவர் உடலைக் கல்லூரிக்குக் கொடுத்தார். பிறகு ஒரு நிமிடம் எல்லோரும் பேசாமல் நின்றோம். மென்பொருளில் அந்த ஒரு நிமிடம் இல்லை. அதை ஒரு குறையாக நான் அப்போது நினைக்கவும் இல்லை.

எங்களுக்குத் தந்த வேலை இடது பக்கத் தோள், விலா, கழுத்தின் அடிப்பகுதி. தோலுக்கு அடியில் உடனே தெரியும் தசைகளை ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரித்து, பெயர் சொல்லி, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்டவேண்டும். நான் முதல் நாள் இரவே மென்பொருளில் இவை எல்லாவற்றையும் பாடமாக்கியிருந்தேன். மாணவர்களைவிட எனக்குப் பெயர்கள் நன்றாகத் தெரிந்தன. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

தோலை உரிப்பதே முதல் பாடம். குதிரையின் விலாவில் ஒரு ஈ இருந்தால் அந்த இடத்துத் தோல் மட்டும் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்வது தோலுக்குக் கீழே விரிந்து கிடக்கும் மெல்லிய ஒரு தசை. கியூட்டேனியஸ் ட்ரங்கை என்று பெயர். மனிதரின் உடம்பில் இப்படி ஒரு விரிப்பு இல்லை. இது தோலின் உட்பக்கத்தோடு நன்றாக ஒட்டியிருக்கிறது. அவசரப்பட்டு உரித்தால் தோலோடு சேர்ந்து இதுவும் வந்துவிடும். பக்கத்தில் நின்ற மாணவி தோலை இறுக்கிப் பிடித்து, கத்தியின் வாயைத் தோல் பக்கமாகவே திருப்பி வைத்து, ஒரு சாண் உரிக்கக் கால் மணி நேரம் எடுத்தாள். நான் மனதுக்குள் "மெதுவான வேலை" என்று குறித்துக்கொண்டேன். அறிக்கையில் போடலாம் என்று.

பிறகு என் முறை வந்தது. தோளின் மேற்பகுதியில் ட்ரபீசியஸ் தசையைக் கண்டுபிடிக்கவேண்டும். உங்கள் உடம்பிலும் இது இருக்கிறது. கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில், கணினிக்கு முன்னால் நாள் முழுக்க இருந்தால் இறுகிப்போகும் அந்தத் தசைதான். குதிரையில் அது கழுத்தின் மேல்விளிம்பிலும் முதுகின் முன்பகுதியிலும் தொடங்கி, தோள்பட்டை எலும்பின் நடுவில் ஓடும் முகட்டில் வந்து சேரும். திரையில் அது அழகான சிவப்பு முக்கோணம். ஓரம் கோடு கிழித்த மாதிரி இருக்கும். சுட்டியை வைத்தால் பெயர் வரும்.

அந்த இடத்தில் நான் சிவப்பு முக்கோணத்தைத் தேடினேன். அங்கே இருந்தது மங்கிய வெள்ளையும் மண்ணிறமுமாக ஒரு மெல்லிய படலம். சவ்வுதான், தசை இதற்குக் கீழே இருக்கும் என்று முடிவு செய்து கத்தியால் சுத்தம் செய்யத் தொடங்கினேன். ஆசிரியை வந்து பார்த்தபோது உள்ளங்கை அளவுக்கு வெட்டி எடுத்துவிட்டேன்.

"ட்ரபீசியஸ் எங்கே?" என்று கேட்டார்.

"இன்னும் வரவில்லை, கீழே இருக்கவேண்டும்" என்றேன்.

குப்பை வாளியைக் காட்டினார். நான் சவ்வு என்று வெட்டி எறிந்ததுதான் ட்ரபீசியஸ். குதிரையில் அது அவ்வளவு மெல்லிய தசை. முதல்முறை வெட்டுகிறவர்கள் அடிக்கடி விடுகிற பிழைதான் என்று சொல்லி அவர் என்னைத் திட்டாமல் விட்டார். ஆனால் பிறகு சொன்னதை நான் மறக்கவில்லை: அந்த மெல்லிய படலத்தின் மேல்தான் சேணம் வைக்கிறார்கள். பொருந்தாத சேணம் என்ன செய்யும் என்று இனி உனக்கு விளக்கவேண்டியதில்லை.

அந்தத் தசையின் பெயர், தொடக்கம், முடிவு, அதற்குப் போகும் நரம்பு எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் அது கண்முன்னால் இருந்தபோது அடையாளம் காணத் தெரியவில்லை. ஒரு பரீட்சை வைத்திருந்தால் நான் முழுப் புள்ளி வாங்கியிருப்பேன். ஒரு குதிரையைத் தந்தால் அதைக் கெடுத்திருப்பேன்.

அதற்குப் பிறகு கத்தியைக் குறைத்து விரலைக் கூட்டச் சொன்னார்கள். இரண்டு தசைகளுக்கு நடுவில் எப்போதும் தளர்வான ஒரு இழையம் இருக்கும். அதற்குள் விரலை மெதுவாகத் தள்ளினால் தசைகள் தாமாகப் பிரியும். பிரியாத இடத்தில் பலத்தைப் போட்டால் நீங்கள் தசைக்குள்ளேயே போய்விட்டீர்கள் என்று அர்த்தம். நார்கள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்க்கவேண்டும். திசை மாறினால் தசை மாறுகிறது. இப்படித்தான் விலாவின் மேல் விரிந்து கிடக்கும் லாட்டிசிமஸ் டோர்சையை நான் முழுதாகப் பிரித்தேன். முதுகில் அகலமான வெள்ளைப் படலமாகத் தொடங்கி, விசிறியை மடக்கின மாதிரி ஒடுங்கி, முன்காலின் மேல் எலும்பின் உட்பக்கத்துக்குப் போகிறது. காலைப் பின்னால் இழுப்பது இதுதான். தலையில் இருந்து கழுத்தின் பக்கமாக இறங்கி அதே எலும்புக்கு வரும் பிராக்கியோசெஃபாலிகஸ் காலை முன்னால் கொண்டு போகிறது. இரண்டையும் இரண்டு கையால் மாறி மாறி இழுத்துப் பார்த்தேன். பதப்படுத்தின உடலிலும் கால் கொஞ்சம் அசைந்தது.

ட்ரபீசியஸுக்குக் கீழே ரோம்பாய்டியஸ் என்று ஒரு தசை உண்டு. கழுத்தின் மேல்பகுதியில் இருந்து தோள்பட்டையின் மேல்விளிம்புக்கு வரும். இது எங்கள் வீட்டுக்கும் சம்பந்தமானது, கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாம் நாள் மதியத்துக்குள் முன்காலை உடம்பில் இருந்து கழற்றவேண்டும் என்றார்கள். நான் வாளைத் தேடினேன். எலும்பை அறுக்காமல் எப்படிக் காலைக் கழற்றுவது?

அறுக்கத் தேவையில்லை. அறுக்க அங்கே ஒன்றும் இல்லை. எங்களுக்குக் கழுத்தின் கீழே இரண்டு பக்கமும் காறை எலும்பு இருக்கிறது, தொட்டுப் பாருங்கள். அதுதான் எங்கள் கையை மார்போடு எலும்பால் இணைக்கிறது. குதிரைக்குக் காறை எலும்பு இல்லை. அந்த இடத்தில் பிராக்கியோசெஃபாலிகஸ் தசைக்குள் ஒரு நார்க் கீற்று மட்டும் மிச்சம். முன்காலுக்கும் உடம்புக்கும் நடுவில் ஒரு மூட்டுக்கூடக் கிடையாது. முழுக்கத் தசைதான். நிற்கும் குதிரையின் பாரத்தில் ஏறக்குறைய 60 வீதம் முன்கால்களில் இருக்கிறது. 500 கிலோ குதிரை என்றால் 300 கிலோ அளவு. அவ்வளவையும் தாங்குவது தசையும் நாரும்.

முக்கியமாகத் தாங்குவது செரேட்டஸ் வென்ட்ராலிஸ். கழுத்து எலும்புகளிலும் முன் விலா எலும்புகளிலும் பல்லுப் பல்லாகத் தொடங்கி, மேலே போய்த் தோள்பட்டை எலும்பின் உட்பக்கத்தில் சேரும் பெரிய விசிறி. இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. அம்மம்மா ஊரில் சேலையை வளையில் கட்டிக் குழந்தையைப் போட்டு ஆட்டுவாரே, ஏணை. குதிரையின் உடம்பு இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவில் அப்படி ஏணையில் கிடக்கிறது. இதை நான் முன்பே வாசித்திருந்தேன். பொறியியல் படித்தவனுக்கு விளங்காத விசயமும் இல்லை.

ஆனால் அன்று நடந்தது வேறு. ஒருவர் காலைத் தாங்கிப் பிடிக்க, மார்புத் தசைகளை வெட்டினோம். பென்சில் தடிப்பில் வெள்ளை வெள்ளையாகக் காலுக்குள் இறங்கும் நரம்புகளையும், பக்கத்தில் இருந்த இரத்தக் குழாய்களையும் கண்டு வெட்டினோம். கால் உடம்பில் இருந்து விலக விலக, தோள்பட்டைக்கும் விலாவுக்கும் நடுவில் ஒரு இடைவெளி திறந்தது. ஆசிரியை கையை உள்ளே விடச் சொன்னார். விட்டேன். முழங்கை வரை போனது. அங்கே தசையும் இல்லை, எலும்பும் இல்லை. ஈரப் பஞ்சு மாதிரி, சிலந்திவலை மாதிரி தளர்வான இழையம். கையை அசைக்க அசைக்க எல்லாப் பக்கமும் வழி விட்டது.

"குதிரையின் கக்கத்தில் ஒரு காயம் வந்தால் என்ன நடக்கும் என்று இப்போது சொல்" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற மாணவன் சொன்னான். வேலிக் கம்பியிலோ கட்டையிலோ மோதிக் கக்கத்தில் குத்துக் காயம் வந்த குதிரை நடந்தால், ஒவ்வொரு அடிக்கும் அந்த இடைவெளி விரிந்து சுருங்கும். துருத்தி மாதிரி வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். காற்று தோலுக்கடியில் பரவி உடம்பு வீங்கும். தொட்டால் நொறுநொறு என்று சத்தம் கேட்கும். சில நேரம் அது மார்புக்குள்ளும் போய் மூச்சுக்கே ஆபத்தாகும். அதனால் வெளியில் சின்னதாகத் தெரியும் காயத்துக்கும் குதிரையை நடமாட விடாமல் கட்டி வைப்பது, காயத்துக்குள் துணியை அடைப்பது என்று முதல் வேலைகள் இருக்கின்றன.

அன்று இரவு வீட்டுக்கு வந்து முழுகிவிட்டு மென்பொருளைத் திறந்தேன். குதிரையின் இடது முன்காலை ஒரு கிளிக்கில் எடுத்தேன். கால் காணாமல் போனது. செரேட்டஸ் வென்ட்ராலிஸ் சுத்தமாகச் சிவப்பாகத் தெரிந்தது. என் முழங்கை வரை போன அந்த இடைவெளியைத் தேடினேன். அது இல்லை. அந்தத் தளர்வான இழையத்துக்குப் படத்தில் ஒரு நிறமும் தரவில்லை, ஒரு பெயரும் தரவில்லை. தசையைத் தெளிவாகக் காட்டவேண்டும் என்பதற்காகப் படம் செய்தவர்கள் அதை நீக்கிவிட்டார்கள். அது அவர்களின் பிழை இல்லை. எந்தப் படத்துக்கும் ஏதோ ஒன்றை விடவேண்டும். ஆனால் எதை விட்டார்கள் என்று படத்தைப் பார்க்கிறவருக்குத் தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. தெரியாமல்தான் "இது போதும்" என்று எழுதியிருந்தேன்.

என் கருத்து இதுதான்: மென்பொருளில் நீங்கள் பார்ப்பது ஒரு உடலை அல்ல, ஒரு உடலைப் பற்றி வேறொருவர் எடுத்து முடித்த முடிவுகளை. தசை எங்கே முடிகிறது, சவ்வு எங்கே தொடங்குகிறது, எது முக்கியம், எது குப்பை எல்லாம் ஏற்கனவே தீர்மானித்தாயிற்று. டிசெக்ஷனில் அந்தத் தீர்மானத்தை நீங்கள் எடுக்கவேண்டும். பிழையாக எடுத்தால் ட்ரபீசியஸ் வாளிக்குள் போகும். மிருக வைத்தியருக்குத் தேவையானது அந்தத் தீர்மானம் எடுக்கும் பழக்கம்தான்.

படங்களே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. குதிரையின் தசைகளைப் பற்றி வந்த புகழ்பெற்ற படங்களைச் செய்தவர் ஜோர்ஜ் ஸ்டப்ஸ் என்ற ஓவியர். லிவர்பூலில் தோல் தொழில் செய்தவரின் மகன். 1750களின் பிற்பகுதியில் லிங்கன்ஷயரில் ஹோர்க்ஸ்டோ என்ற கிராமத்தில் ஒரு பண்ணை வீட்டில் ஏறக்குறைய 18 மாதம் இருந்து, இறந்த குதிரைகளை நிற்கிற மாதிரி கட்டித் தொங்கவிட்டு, தோலில் இருந்து எலும்பு வரை படை படையாக நீக்கி ஒவ்வொரு படையையும் வரைந்தார். 1766இல் அந்தப் படங்கள் 18 தகடுகளாக அச்சில் வந்தன. தகடுகளையும் அவரே செதுக்கினார். உலகின் முதல் மிருக வைத்தியப் பள்ளி லியோனில் 1761இல் நிறுவப்பட்டபோது ஸ்டப்ஸின் புத்தகம் இன்னும் அச்சில் வரவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள். அந்தப் படங்கள் இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம், ஒரு மனிதன் நாற்றத்துக்குள் நின்று கையால் பார்த்தது.

கணினிக் காலத்திலும் கதை மாறவில்லை. 1994இல் அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் ஒரு மனித உடலின் முழுப் படத் தொகுதியை வெளியிட்டது. உறைய வைத்த உடலை ஒவ்வொரு மில்லிமீற்றராகச் சீவி எடுத்த 1,871 குறுக்குவெட்டுப் படங்கள். எத்தனையோ முப்பரிமாண மென்பொருள்களுக்கு அது அடிப்படை. ஆனால் படத்தில் தசைக்குப் பெயர் எழுதியிருக்காது. இந்தப் புள்ளி இந்தத் தசை, அந்தப் புள்ளி அந்தச் சவ்வு என்று கோடு போட உடற்கூறு தெரிந்த ஒருவர் வேண்டும். அவர் எங்கே கற்றார்? இன்றைக்கு டிசெக்ஷனை முழுதாக நிறுத்தினால், இருபது வருடத்துக்குப் பிறகு அடுத்த மென்பொருளில் கோடு போட யார் இருப்பார்கள்?

எதிர்ப்பக்கத்தில் உள்ள நியாயங்களையும் சொல்லவேண்டும். பதப்படுத்தும் ஃபோர்மல்டிஹைட்டை 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று வகைப்படுத்தியது. காற்றோட்டம் சரியில்லாத அறையில் மாணவர்களை நிறுத்துவது குற்றம். படிப்புக்காக மட்டும் மிருகங்களைக் கொல்வதையும் நான் ஏற்கவில்லை. நான் வெட்டிய குதிரை அப்படி வந்ததில்லை, அப்படி வந்திருந்தால் நான் நின்றிருக்கமாட்டேன். பதப்படுத்தின தசையின் நிறமும் இறுக்கமும் உயிருள்ள தசையைப் போல இல்லை என்பதும் உண்மை. திரும்பத் திரும்பப் பார்த்து மனதில் பதிக்க மென்பொருளைப் போல வசதி இல்லை. வெட்டிய குதிரை ஒரு தடவைதான். நான் ட்ரபீசியஸை இழந்ததற்கு இன்னொரு ட்ரபீசியஸ் வலது பக்கத்தில்தான் இருந்தது.

மச்சம் தொடாத வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் கடினம். சித்தியின் மகள் அப்படி வளர்ந்தவள்தான். முதல் கிழமை சாப்பிடமுடியவில்லை என்று சொன்னாள். ஆனால் அவள் சொன்ன இன்னொன்றும் உண்டு: "இதைச் செய்யாமல் உயிரோட இருக்கிற மாட்டிலயோ குதிரையிலயோ முதல் தரம் பழகினால், அதுதான் அண்ணா பாவம்."

அவளின் ஒரு வரியில் என் முழு அறிக்கையும் அடங்கிவிட்டது. கை எங்கேயோ ஒரு இடத்தில் முதல் தடவை பிழை விடத்தான் போகிறது. எங்கே விடவேண்டும் என்பதுதான் கேள்வி. குதிரைக்கு ஊசி போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் ஒரு முக்கோண இடம் உண்டு. மேலே கழுத்தின் தடித்த நார், கீழே கழுத்து எலும்புகள், பின்னால் தோள்பட்டையின் முன்விளிம்பு. அந்த மூன்றுக்கும் நடுவில் போடவேண்டும். படத்தில் சுலபம். இரவு பதினொரு மணிக்கு மழையில், கைவிளக்கு வெளிச்சத்தில், பயந்து துள்ளும் ஒரு மிருகத்தில் அந்த மூன்று எல்லையையும் உள்ளங்கையால் கண்டுபிடிக்கவேண்டும்.

நான் அறிக்கையை மாற்றினேன். மென்பொருளை வாங்குங்கள், ஆனால் வகுப்புக்கு முன் தயார் செய்யவும் பின் மீட்டிப் பார்க்கவும் பயன்படுத்துங்கள், டிசெக்ஷன் நேரத்தை நீக்காதீர்கள், காற்றோட்டத்துக்குச் செலவழியுங்கள் என்று எழுதினேன். மிச்சம் பிடிக்க வந்தவர்களுக்குச் செலவு சொல்லும் அறிக்கை. என் மேலாளருக்குப் பிடிக்கவில்லை. வேலையின் அடுத்த கட்டம் எங்களுக்குக் கிடைக்கவும் இல்லை. கல்லூரி கடைசியில் என்ன முடிவெடுக்கும் என்பது இன்னும் அவர்களின் கையில். நான் வீரம் செய்ததாக நினைக்கவில்லை. முதல் வரைவை அப்படியே கொடுத்திருந்தால் யாரும் என்னைப் பிழை சொல்லியிருக்கமாட்டார்கள், அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது உங்களுக்கு. உங்களில் பலர் மருத்துவம், மிருக வைத்தியம், உடலியக்க மருத்துவம், உயிரியல் என்று விண்ணப்பிக்கும் வயதில் இருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தின் திறந்த நாளுக்குப் போனால் பளபளக்கும் தொடுதிரை மேசையைக் காட்டுவார்கள். நல்லது, பாருங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள். முதல் வருடத்தில் என் கையால் எத்தனை மணி நேரம் டிசெக்ஷன் செய்வேன்? ஒரு உடலில் எத்தனை பேர்? உடல்கள் எப்படி வருகின்றன? இந்த மூன்றுக்கும் நேரான பதில் சொல்கிற இடம் உங்களை மதிக்கிற இடம்.

கணினித் துறைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று. நீங்கள் ஒருநாள் யாரோ ஒருவரின் வேலையைத் திரைக்குக் கொண்டு வருவீர்கள். தாதியின் வேலையோ, தச்சரின் வேலையோ, மீன் வெட்டுகிறவரின் வேலையோ. எழுதத் தொடங்க முன் இரண்டு நாள் அவரோடு நின்று அந்த வேலையைக் கெடுத்துப் பாருங்கள். எதை வெட்டி வாளியில் போட்டீர்கள் என்று அவர் காட்டுவார். அது உங்கள் திரையில் இல்லாத ஒன்றாக இருக்கும்.

ரோம்பாய்டியஸைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். இரண்டாம் நாள் இரவு சாப்பிடும்போது அப்பாவிடம் அந்தத் தசையின் படத்தைக் காட்டி, எங்கள் ஊர் மாடுகளின் திமில் பெரும்பாலும் இந்தத் தசையும் கொழுப்பும்தான் என்று சொன்னேன். அப்பா யாழ்ப்பாணத்தில் வண்டில் மாடு வைத்திருந்த வீட்டில் வளர்ந்தவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார், விளங்கின மாதிரித் தெரியவில்லை. போனைத் திருப்பித் தந்துவிட்டு எழும்பி எனக்குப் பின்னால் வந்தார். என் கழுத்தின் அடியில், தோளுக்கு நடுவில் உள்ளங்கையை வைத்தார்.

"நுகம் இதுக்கு முன்னால கிடக்கும். வேலை முடிய இப்பிடித் தடவிப் பாப்பம். சூடாய் இருந்தால் அடுத்த நாள் கட்டமாட்டம்."

அவருக்கு அந்தத் தசையின் பெயர் தெரியாது. எனக்குத் தெரியும். மாட்டை யாரிடம் விடுவீர்கள் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.